மார்கழிக் குளிரில் குஞ்சுகளை வெளியே விடும் முன்



ஐப்பசிக் கடைசியில் நமது அறக்கட்டளையின் வாழ்வாதார உதவியாக நாட்டுக்கோழிக் குஞ்சுகள் பெற்ற வீடுகளில், அவை இப்போது ஐந்து வாரத்தைத் தாண்டிவிட்டன. இனி அட்டைப்பெட்டிக்குள் அடங்காது. விளிம்பில் ஏறி உட்கார்கின்றன, தண்ணீர்த் தட்டைக் கவிழ்க்கின்றன, திண்ணை முழுக்க நாற்றம். "வெளியே கூண்டில் விட்டுவிடலாமா, பெரிய கோழிகளோடு சேர்த்து அடைத்துவிடலாமா?" என்று வாரம் நான்கு பேராவது கேட்கிறார்கள்.

கேட்கிற மாதம்தான் சிக்கலான மாதம். கம்பம் பள்ளத்தாக்கில் கார்த்திகை மழையின் ஈரம் இன்னும் மண்ணில் இருக்கிறது. ஃபஜ்ருக்கு எழுந்து போகிறவர்களுக்குப் பனி எப்படி இறங்குகிறது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. இந்த நேரத்தில்தான், பெட்டிக்குள் ஒரு மாதம் நன்றாகத் தேறிய குஞ்சுகள் வெளியே வந்த ஒரே வாரத்தில் ஒவ்வொன்றாகப் போகின்றன. கேட்டால் "பனி அடித்துவிட்டது" என்பார்கள். பனியின் மீது மட்டும் பழி போடுவது சரியில்லை என்பது எங்கள் எண்ணம். சிறகு முளைத்த குஞ்சு குளிரைத் தாங்கும். பெரிய கோழியின் கொத்தையும் ஓரளவு தாங்கும். இரண்டையும் ஒரே நாளில் அதன் தலையில் ஏற்றினால் தாங்காது. காலையில் பல்பை அணைத்து, மாலையில் புதுக் கூண்டில் பெரிய கோழிகளோடு அடைத்துவிடுகிறோம். குளிரும் புதிது, இடமும் புதிது, தீனித் தட்டும் புதிது, பக்கத்தில் இருப்பவையும் புதியவை. அன்றிரவு அது தீனியும் எடுக்காது, தூங்கவும் செய்யாது. நோய் நுழைவது அப்போதுதான்.

எனவே முதலில் குளிருக்குப் பழக்க வேண்டும். அது முடிந்தபின் கூட்டத்துக்குப் பழக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மாதம் ஆகும். இருபது குஞ்சு வாங்கிய ஒரு சகோதரிக்குப் பத்துப் பன்னிரண்டாவது பெரிதாகி நின்றால்தான், ஆறு மாதம் கழித்துப் பிள்ளைகளுக்கு முட்டையும், பெருநாள் செலவுக்கு விற்க இரண்டு சேவலும் மிஞ்சும். ஒரு மாதப் பொறுமைக்கு அது நல்ல விலைதான்.

குளிர் குஞ்சை என்ன செய்கிறது

பெரிய கோழியின் உடல் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். நம்முடையதைவிட நான்கு டிகிரி கூடுதல். அந்தச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் பிறந்த குஞ்சுக்குக் கிடையாது. முதல் இரண்டு வாரம் தாயின் இறக்கைக்கடியில் இருக்க வேண்டும், அல்லது பல்புக்கடியில் இருக்க வேண்டும். முதல் வாரத்தில் குஞ்சு நிற்கும் உயரத்தில் 35 டிகிரி சூடு வேண்டும் என்பதும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வந்து 21 டிகிரியில் நிறுத்தலாம் என்பதும் பொதுவான கணக்கு. வாரம் ஐந்து அல்லது ஆறு ஆகும்போது இந்தக் கணக்கு முடிந்துவிடும்.

ஆனால் நாட்காட்டியை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். நெஞ்சு, முதுகு, இறக்கைக்கு அடிப்பக்கம் மூன்றையும் ஊதிப் பாருங்கள். பஞ்சு போன்ற குஞ்சு மயிர் போய், அங்கெல்லாம் உண்மையான சிறகு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தால் அது தயார். முதுகில் சிறகு வந்து நெஞ்சு இன்னும் மொட்டையாக இருந்தால் தயாரில்லை. அசீல், பெருவிடை வகைக் குஞ்சுகளுக்குச் சிறகு மெதுவாகத்தான் மூடும். சிறுவிடைக்கு முன்னதாகவே மூடிவிடும். ஒரே நாளில் வாங்கிய குஞ்சுகளிலேயே இந்த வித்தியாசம் இருக்கும். சிறகு மூடாத இரண்டு மூன்றை இன்னும் ஒரு வாரம் உள்ளே வைத்திருப்பதில் நஷ்டமில்லை. ஆனால் ஒன்றை மட்டும் தனியாக வைக்காதீர்கள். தனிக்குஞ்சு கத்திக் கத்தியே இளைத்துவிடும்.

சிறகு எப்படிக் குளிரைத் தடுக்கிறது? சிறகுகளுக்கு இடையே அடைபட்டிருக்கும் காற்றுதான் போர்வை. குளிரில் கோழி உப்பிக்கொண்டு உட்காருவது அந்தப் போர்வையைத் தடிமனாக்கத்தான். அந்தப் போர்வைக்கு எதிரிகள் இரண்டு: ஈரமும், வீசும் காற்றும். நனைந்த சிறகு உடலோடு ஒட்டிக்கொள்ளும், நடுவில் காற்று நிற்காது. காய்ந்த இடத்தில், காற்றுப் படாமல் இருக்கும் ஆறு வாரக் குஞ்சு நம் ஊர் மார்கழியைச் சாதாரணமாகக் கடந்துவிடும். பனிக்கட்டி உறைகிற நாடுகளில்கூட வளர்ந்த கோழிகளுக்குப் பெரும்பாலும் ஹீட்டர் தேவைப்படுவதில்லை. அதே குஞ்சு நனைந்து காற்றில் நின்றால், ஐப்பசி மழையிலேயே போய்விடும்.

பல்பை எப்படி நிறுத்துவது

பல்பு போட்டு வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்போது கடையில் கேட்டால் எல்இடி பல்பைத்தான் கொடுக்கிறார்கள். அது வெளிச்சம் தரும், சூடு தராது. குஞ்சுக்குப் பழைய குண்டு பல்புதான் வேண்டும். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது கால்நடைத் துறையில் சொல்லும் கணக்கு. இருபது குஞ்சுக்கு 40 வாட் பல்பு ஒன்று. குளிர் அதிகமான இரவில் 60 வாட் போடலாம். பல்பைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், ஒயரை மட்டும் நம்பாதீர்கள். உமி மேல் அறுந்து விழுந்தால் தீப்பிடிக்கும். அடுத்த அறையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

சூடு போதுமா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் தேவையில்லை, குஞ்சுகளே சொல்லும். பல்புக்கு நேர் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தால் குளிர். பல்பை விட்டு விலகி ஓரத்தில் வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம். எல்லாமே ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றால் மறு பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று பொருள், அந்த ஓட்டையைத் தேடுங்கள். பரவலாகப் படுத்தும் நின்றும் இருந்தால் எல்லாம் சரி.

சிறகு மூடிய குஞ்சுகளுக்கு முதலில் பகலில் பல்பை அணையுங்கள். மூன்று நாள் பார்த்துவிட்டு, இரவில் இஷாவுக்குப் பின் அணைத்து, விடியலுக்கு முன்பான கடுங்குளிர் நேரத்துக்கு மட்டும் போடுங்கள். பிறகு அதையும் நிறுத்துங்கள். பல்பு இல்லாமல் நான்கைந்து இரவு அதே பெட்டியில், அதே இடத்தில் அவை கழிக்க வேண்டும். இடத்தை மாற்றுவது அதற்குப் பிறகுதான். மின்சாரம் போய் மூன்று மணி நேரம் இருட்டில் இருந்தும் காலையில் துள்ளிக்கொண்டிருந்த குஞ்சுகளைப் பற்றி ஒரு சகோதரர் சொன்னார். அந்தக் குஞ்சுகள் தேர்வு எழுதித் தேறிவிட்டன என்றே கொள்ளலாம்.

இதற்கிடையில் பகல் வெளியூட்டம். மண்ணில் பனி உலர்ந்த பிறகு, ஒன்பது மணி வாக்கில், பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் விடுங்கள். பாதி வெயிலும் பாதி நிழலும் படும் இடமாக இருக்கட்டும். பெரிய கோழிகள் மேயும் இடத்தில் இந்த வாரம் வைக்க வேண்டாம், அந்தப் பாடம் பிறகு வருகிறது. அஸருக்கு உள்ளே எடுத்துவிடுங்கள். மழை தூறும் நாளில் வெளியே விடவே வேண்டாம். பஞ்சாரத்தின் மேல் ஒரு சாக்கைப் போட்டுவையுங்கள். பருந்தும் காகமும் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

தாய்க்கோழியோடு திரியும் குஞ்சுகளுக்கு இந்தப் பல்புக் கணக்கெல்லாம் இல்லை, தாயே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஆறு, எட்டு வாரத்தில் தாய் திடீரென்று குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கும். மறுபடி முட்டையிடத் தயாராகிறது என்பதன் அடையாளம் அது. அன்றிலிருந்து அந்தக் குஞ்சுகளும் இறக்கைப் போர்வை இல்லாதவைதான். அவற்றையும் கீழே சொல்லும் முறையில்தான் பார்க்க வேண்டும்.

இரவுக் கூண்டு

குளிர் என்றதும் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை, தார்ப்பாயை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிக் கூண்டை மூடுவது. குளிரைவிட இது கெடுதல். கோழிகள் மூச்சு விடுவதிலும் எச்சத்திலும் இரவெல்லாம் ஈரம் கிளம்புகிறது. போக வழியில்லாமல் அது தகரத்தில் முத்து முத்தாகக் கோத்து மறுபடி கோழி மேலேயே சொட்டுகிறது. எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கிறது. காலையில் கூண்டைத் திறந்ததும் குனிந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் உங்கள் முகத்தை வைத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அந்தக் கூண்டில் காற்று போதவில்லை.

காற்றடிக்கும் பக்கத்தில் மட்டும் சாக்கோ தார்ப்பாயோ கட்டி, மேலே அரை அடி முதல் ஒரு அடி வரை திறந்து விடுங்கள். கோழியின் தலைக்கு மேலே காற்று போய்வர வேண்டும், அதன் உடல் மேல் வீசக் கூடாது. இந்த ஒரு விதி போதும். காலையில் வெயில் ஏறியதும் சாக்கைச் சுருட்டிவிடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். கரி போட்ட கும்மட்டி அடுப்பைக் கூண்டுக்குள்ளோ, குஞ்சு வைத்திருக்கும் மூடிய அறைக்குள்ளோ வைக்காதீர்கள். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. குஞ்சுகளுக்கு முன் அந்த அறையில் தூங்கும் மனிதர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். குளிருக்காக மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கியவர்கள் விடிந்தபோது எழுந்திருக்காத செய்திகள் மலை ஊர்களிலிருந்து வரத்தான் செய்கின்றன.

தரையில் உமி மூன்று அங்குலம் பரப்புங்கள். நம் பகுதியில் அரிசி மில்லுக்குப் பஞ்சமில்லை. உமி இல்லையென்றால் கடலைப் பொட்டு, நன்றாகக் காய்ந்த தென்னை நார்க்கழிவு எதுவானாலும் சரி. இரண்டு நாளுக்கு ஒரு முறை கிளறி, ஈரமான பகுதியை மட்டும் அள்ளி எறிந்து, புதிதாகத் தூவுங்கள். ஒரு பிடி அள்ளி அழுத்தினால் உருண்டையாக நிற்கக் கூடாது, உதிர வேண்டும். குளிர்காலத்தில் இரத்தக் கழிச்சல் வருவது பெரும்பாலும் ஈரக் கூளத்திலிருந்துதான். தண்ணீர்த் தட்டை ஒரு செங்கல் மேல் தூக்கி வைத்தாலே பாதி ஈரம் குறைந்துவிடும்.

இட வசதி, எட்டு வாரக் குஞ்சுக்குத் தலைக்கு ஒரு சதுர அடி. பெரிய கோழிக்கு இரண்டு.

புது இடத்தில் முதல் சில இரவுகள்தான் ஆபத்தானவை. குஞ்சுகளுக்குக் கூண்டு பழக்கமில்லை, இருட்டினதும் பழைய பெட்டி இருந்த திண்ணையைத் தேடிப் போகும். மஃரிபுக்குப் பின் ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே வையுங்கள். ஒரு வாரத்தில் தானாக வரும். இஷா முடிந்து வந்ததும் டார்ச் அடித்து ஒரு முறை பாருங்கள். மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தால் உடனே பிரித்துவிடுங்கள். அடியில் இருப்பது மூச்சுத் திணறிச் சாகும். காலையில் மூலையில் தட்டையாகக் கிடக்கும் குஞ்சை நாம் பனி என்கிறோம், உண்மையில் அது நெரிசல். "கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா" என்ற பழமொழி தாய்க்கோழிக்குப் பொருந்தும். ஒன்றையொன்று மிதிக்கும் குஞ்சுகளுக்குப் பொருந்தாது. கூண்டின் நான்கு மூலைகளையும் அட்டை வளைத்தோ, உமி மூட்டை வைத்தோ வட்டமாக்கிவிட்டால் குவிவது குறையும்.

பெரிய கோழிகளோடு சேர்ப்பது

வீட்டில் வேறு கோழி இல்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஏற்கெனவே நாலு கோழியும் ஒரு சேவலும் இருக்கும் வீட்டுக்காரர்கள் பொறுமையாகப் படியுங்கள், குஞ்சு அதிகம் சாவது உங்கள் வீடுகளில்தான்.

கோழிக் கூட்டத்தில் ஒரு வரிசை உண்டு. முதலில் யார் தீனி எடுப்பது, யார் உயரமான கம்பில் தூங்குவது, யாரை யார் கொத்தலாம் என்பதெல்லாம் அதற்குள் முடிவாகியிருக்கும். நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெரூப்-எப்பே என்பவர் சிறு வயது முதலே கோழிகளைக் கவனித்துக் குறித்து வைத்தவர். 1920களின் தொடக்கத்தில் இதைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதியவர் அவர்தான். நம் வீட்டு நன்னிமார்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. எந்தக் கோழி "மூத்த மருமகள்" என்று அவர்களுக்கு எப்போதும் தெரியும். புதிதாக ஒன்று வந்தால் அந்த வரிசை முழுக்கக் கலையும், மறுபடி எல்லோரும் சண்டை போட்டுத்தான் ஒழுங்காகும். வளர்ந்த கோழியும் வளர்ந்த கோழியும் மோதினால் இரண்டு நாளில் தீரும். ஆறு வாரக் குஞ்சுக்கு மோதும் பலமும் இல்லை, தப்பி ஓடும் வேகமும் இல்லை.

ஆகவே பத்து வாரம் ஆகும் வரை ஒரே கூண்டில் விடாதீர்கள். பத்து வாரம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வெள்ளைக் கழிச்சலுக்கு, அதாவது ராணிக்கேத் நோய்க்கு, முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விட்டிருப்பீர்கள். எட்டு வாரத்தில் போடும் ஊசிதான் நெடுநாள் பாதுகாப்பு தரும். அந்த ஊசிக்குப் பின் உடலில் எதிர்ப்புச் சக்தி ஊற இரண்டு வாரம் வேண்டும். நம் கோழிகளோ தெருவெல்லாம் சுற்றி வருபவை. அவற்றின் காலிலும் எச்சத்திலும் எந்த வீட்டு நோய் வரும் என்று சொல்ல முடியாது. ஊசி போடும் வாரத்தில் குஞ்சு கொஞ்சம் சோர்ந்திருக்கும், அதே வாரத்தில் இடம் மாற்றவும் வேண்டாம். ஊசியும் ஒரு மாற்றம்தான். கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. ஆனால் உங்கள் குஞ்சுகளுக்கு எட்டு வாரம் ஜனவரியிலேயே முடிகிறது. முகாமுக்குக் காத்திராமல், பக்கத்திலுள்ள கால்நடை மருந்தகத்தில் எந்தக் கிழமை ஊசி போடுகிறார்கள் என்று கேட்டுக் கொண்டுபோய்விடுங்கள்.

ஏழாவது வாரத்திலிருந்து பஞ்சாரத்தைப் பெரிய கோழிகள் தீனி தின்னும் இடத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். குஞ்சுகள் உள்ளே, கோழிகள் வெளியே. ஒன்றையொன்று பார்க்கும், கேட்கும், கொத்த முடியாது. பெரிய கோழிகளுக்கான தீனியைப் பஞ்சாரத்தின் ஓரத்திலேயே தூவுங்கள். முதல் நாள் சேவல் வந்து பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி இறக்கையைத் தட்டும். நாலாம் நாள் கண்டுகொள்ளாமல் போகும். அதுதான் நமக்கு வேண்டியது. ஆயிரக்கணக்கில் செலவு செய்து வலைக்கூண்டு கட்டச் சொல்லும் பாடங்களைப் பார்த்திருக்கிறோம். நம் பாட்டன் காலத்து மூங்கில் பஞ்சாரம் அதே வேலையைச் செய்கிறது. இடைவெளி அகலமாக இருந்தால் மட்டும் கீழ்ப்பகுதியில் ஒரு சுற்று வலையைக் கட்டுங்கள். இரவில் பெரிய கோழிக் கூண்டுக்குள்ளேயே நடுவில் வலைத் தடுப்பு வைத்து ஒரு பக்கத்தில் குஞ்சுகளை அடைத்தால் இன்னும் நல்லது. பெரியவற்றின் உடல் சூடும் கொஞ்சம் கிடைக்கும்.

சந்தையிலிருந்து புதிதாக வாங்கி வந்த கோழியாக இருந்தால் பஞ்சாரத்துக்கும் முன்பாக, குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம், வீட்டின் மறுபக்கத்தில் தனியே வைத்துப் பாருங்கள். அதற்குத் தீனி வைத்த கையோடு குஞ்சுகளிடம் போகாதீர்கள்.

பத்து வாரம் முடிந்ததும் வெயில் உள்ள ஒரு மாலையில், அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே, பஞ்சாரத்தைத் தூக்கிவிடுங்கள். எல்லாக் குஞ்சுகளையும் ஒன்றாக விடுங்கள், ஒன்று இரண்டாக விடாதீர்கள். கூட்டமாக இருந்தால் கொத்துப் பங்காகப் போகும். இருட்டப்போவதால் சண்டை நீளாது. தீனித் தட்டும் தண்ணீர்த் தட்டும் இரண்டிரண்டு, ஒன்று தெரியாத தூரத்தில் மற்றொன்று இருக்கட்டும். குஞ்சு மட்டும் நுழையக்கூடிய ஒரு சந்து வேண்டும். ஒரு பழைய பெட்டியில் சிறு வாசல் வெட்டி வைக்கலாம், பலகையைச் சுவரில் சாய்த்து வைக்கலாம். மூலையில் மாட்டிக்கொள்ளாதபடி அதற்கு இரண்டு வழி இருக்க வேண்டும்.

கொத்தத்தான் செய்யும். தலையில் ஒரு கொத்து, குஞ்சு ஓடுகிறது, கோழி நின்றுவிடுகிறது என்றால் தலையிடாதீர்கள். அது பாடம் நடத்துகிறது. விடாமல் துரத்துகிறது, கீழே போட்டு மிதிக்கிறது, இரத்தம் வருகிறது என்றால் உடனே பிரியுங்கள். இரத்தத்தைக் கண்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தும். அடிபட்ட குஞ்சை இன்னொரு குஞ்சோடு சேர்த்துப் பஞ்சாரத்துக்குள் திருப்பி வைத்து, மஞ்சள் குழைத்துப் பூசி, ஆறிய பிறகு விடுங்கள். ஒரே ஒரு கோழிதான் அட்டகாசம் செய்கிறது என்று தெரிந்தால் குஞ்சைத் தூக்காதீர்கள், அந்தக் கோழியை மூன்று நாள் தனியே அடையுங்கள். திரும்பி வரும்போது வரிசையில் அதற்கு முன்பிருந்த இடம் இருக்காது.

தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள்

இந்த ஒரு மாதமும் நீங்கள் தினம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மஃரிபுக்குப் பின் கூண்டில் அடைக்கும்போது குஞ்சின் கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு மேலே, வலப் பக்கம் தொட்டுப் பாருங்கள். தீனிப்பை அங்கேதான் இருக்கிறது. நிறைந்து உருண்டையாக இருந்தால் அந்தக் குஞ்சுக்கு இரவு முழுவதும் எரிபொருள் இருக்கிறது. செரிக்கும் தீனிதான் அதற்கு அடுப்பு. காலியாகத் தொங்கினால் அன்று யாரோ அதைத் தீனித் தட்டுக்கு அருகே விடவில்லை. கொத்திய காயம் வெளியே தெரியாவிட்டாலும் பட்டினி இங்கே தெரிந்துவிடும். அந்தக் குஞ்சைத் தனியே கொஞ்சம் ஊட்டி அடையுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து காலியாக இருந்தால் பஞ்சாரத்துக்குத் திருப்புங்கள். வெற்று வயிற்றோடு மார்கழி இரவைக் கழிக்கும் குஞ்சு, பனியில் அல்ல, பசியில்தான் போகிறது.

குளிர் நாளில் குஞ்சு கூடுதலாகத் தின்னும், கணக்குப் பார்க்காதீர்கள். மாலைத் தீனியில் உடைத்த கம்போ சோளமோ சேர்த்தால் இரவில் மெதுவாகச் செரித்துச் சூடு தரும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள், சில்லிட்ட தண்ணீரைக் குஞ்சு குறைவாகத்தான் குடிக்கும். பெரிய கோழிகளோடு சேர்த்தபின் முட்டைக்கோழித் தீவனத்தைப் பொதுவாகப் போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம், வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனத்தையே போட்டு, முட்டையிடும் கோழிகளுக்கு ஒரு சிரட்டையில் கிளிஞ்சல் உடைத்துத் தனியே வையுங்கள். வேண்டிய கோழி அதுவே வந்து எடுத்துக்கொள்ளும்.

வெயில் அடிக்கும் நேரத்திலும் ஒரு குஞ்சு சிறகை உப்பிக்கொண்டு கண்ணை மூடி நின்றால் சந்தேகப்படுங்கள். எடுத்து ஒரு மணி நேரம் பல்புக்கடியில் வையுங்கள். சூடு ஏறியதும் ஓடித் தீனி எடுத்தால் வெறும் குளிர்தான். அப்போதும் தலையைத் தொங்கப் போட்டிருந்தால் நோய். எச்சத்தில் இரத்தமா, பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சலா, மூச்சில் கரகரப்பா என்று பார்த்து, மற்றவற்றிலிருந்து பிரித்து, அன்றே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 1962 என்ற இலவச எண்ணில் கால்நடை மருத்துவ உதவி கேட்கலாம். துளசியும் கற்பூரவள்ளியும் சளிக்குக் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், ஆனால் வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டால் எந்த மருந்தாலும் அதைத் தீர்க்க முடியாது, முன்கூட்டிப் போட்ட ஊசிதான் காக்கும். "எப்படியும் போகப்போகிறது, அதற்குள் அறுத்துவிடுவோம்" என்று நோய்க்கோழியை அறுத்து வீட்டுக்குச் சமைப்பதும், அடுத்தவருக்கு விற்பதும் கூடவே கூடாது. மருந்து கொடுத்த கோழியின் இறைச்சியை எத்தனை நாள் உண்ணக் கூடாது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இறந்த குஞ்சை வாய்க்காலில் வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வீசினால் நாய் இழுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகும்.

குஞ்சு பெற்ற வீடுகளில் பஞ்சாரம் இல்லாதவர்கள் ஜும்ஆ தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், நம்மிடம் இருப்பவற்றை ஒரு மாதத் தவணையில் முறை வைத்துத் தருகிறோம். எட்டு வார ஊசிக்குத் தனியாகக் கூடை தூக்கிப் போக முடியாத சகோதரிகளும் அப்போதே சொல்லிவிடுங்கள். நான்கைந்து வீட்டுக் குஞ்சுகளை ஒரே ஆட்டோவில், ஆனால் தனித்தனிக் கூடைகளில், ஒரே நாளில் கொண்டுபோய் வர ஏற்பாடு செய்யலாம், இன்ஷா அல்லாஹ்.